மோந்து பாருங்க

ஜவ்வரிசி மில் லேப் ரெஜிஸ்டரில் நான் எழுதியது ஒரே சொல்தான். ராட்டன், அதாவது அழுகல். எழுதி நாலு வருடம் ஆகப்போகிறது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு கேட்டுக்குள் திரும்பினால் இன்றைக்கும் அன்று லோடு கொண்டுவந்த பெரியவர் குரல்தான் முதலில் கேட்கிறது.

"அழுகுனா நாறணுமில்ல தம்பி? மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். நாறவில்லை, மண் வாசம்தான் வந்தது. ஆனால் ஒடித்த கிழங்குக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தது. வாழப்பாடிக்கு இந்தப் பக்கம் லாரி பழுதாகி மூன்று நாள் நின்றுவிட்டதாம். நான் சொன்னது, "எழுதியாச்சுங்க ஐயா." அவ்வளவுதான்.

புது மேனேஜருக்குத் தமிழ் படிக்க வராது. அவர் கிழங்கைப் பார்க்க மாட்டார், ரெஜிஸ்டரைத்தான் பார்ப்பார். ராட்டன் என்றால் லோடு திரும்பும். வேறு குறை என்றால் விலையில் கழிப்பார்கள். இது தெரிந்தேதான் எழுதினாயா என்று கேட்டால், இல்லை. கறுத்துப்போன கிழங்குக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அது ஒன்றுதான். வீட்டில் சோறு ஊசிப்போகும், எண்ணெய் காறும், மரம் உளுக்கும், குப்பை மக்கும், வேட்டி இற்றுப்போகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்துப் பேசுகிறவன்தான் நானும். பேனாவை எடுத்து ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எல்லாமே ராட்டன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிழங்கைப் பிடுங்கும்போது படுகிற காயத்தில் காற்று பட்டு, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கிழங்கே தனக்குள் கறுக்க ஆரம்பிக்கிறது. கிருமி இன்னும் உள்ளே வரவே இல்லை. பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்து கிழங்கு கொழகொழத்து நாறுவது அதற்கும் சில நாள் கழித்து. ஆங்கிலத்தில் ராட் என்பது அந்த இரண்டாவது நிலை. முதலாவதற்கு டிடீரியரேஷன் என்கிறார்கள், தரம் இறங்குதல். பெரியவர் எந்தப் புத்தகமும் படிக்காமல் மூக்கை வைத்தே இரண்டையும் பிரித்துவிட்டார்.

டீகே என்று எழுதியிருக்கலாமோ என்றும் யோசித்ததுண்டு. அது கீழே விழுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். பல் டீகே ஆகும், பழைய கட்டடம் ஆகும், யுரேனியம்கூட ஆகும். ஆனால் யுரேனியம் ராட் ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதில் அழுகல் இல்லையே. டீகம்போஸ் என்றால் கூறுகூறாகப் பிரிதல், எருக்குழிக்குச் சரி. ஸ்பாயில் இன்னும் வேடிக்கை. தோற்றவனிடமிருந்து உரித்தெடுத்த கொள்ளைப் பொருளுக்கு இருந்த சொல்தான் பால் கெடுவதற்கும் பிள்ளை கெடுவதற்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைய கணக்குக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றும் சில நாள்.

சரி, நான் செய்தது முழுத் தப்பா? அந்தக் கிழங்கை அரைத்திருந்தால் மாவு மங்கியிருக்கும். ஜவ்வரிசிக்கு வெள்ளைதான் விலை. ஜவ்வரிசி விற்றுக்கொடுக்கிற கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் மாதிரியைக் கையில் எடுக்கிற வியாபாரி முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார். நான் மில் சம்பளம் வாங்குகிறவன், மில்லுக்காகத்தான் பார்த்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டால் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் இன்னொன்று உறுத்தும். மோந்து பார்த்த பிறகாவது அடித்துத் திருத்தியிருக்கலாமே? ரெஜிஸ்டரில் அடித்தல் இருந்தால் மேனேஜர் கேள்வி கேட்பார். அதற்குப் பயந்தேன். ஆங்கிலம் தெரியாததை மன்னித்துவிடலாம், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போன மாசம் அதே மாதிரி கோடு விழுந்த லோடு ஒன்று வந்தது. இந்தத் தடவை கவனமாக டிடீரியரேட்டட் என்று எழுதினேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா ராட்டனா, இல்லையா?"

"நாறல சார்."

லோடை இறக்கச் சொன்னார். விலையில் கழித்தது போக வந்த சீட்டை வாங்கிப் பார்த்த விவசாயி, இளவயதுக்காரர், என்னிடம் திரும்பினார். "இதுக்கு வேண்டாம்னே எழுதியிருக்கலாம்ணா. ஆத்தூர்ல வேற மில்லுலயாவது கேட்டுப் பாத்திருப்பேன்."

அதற்குள் பாதி லோடு இறங்கியிருந்தது.