நாலு மில்லிகிராம்

ஜூன் 9, 2024, ஞாயிறு

விருதுநகரில் இருந்து ஒரு வரன். பெரியப்பா காலையிலேயே மதுரைக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு எண்ணெய் மில்லில் கணக்கு வேலை, வயது முப்பத்தெட்டு, கெட்ட பழக்கம் கிடையாது. எல்லாம் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "அந்த மாத்திரையை மட்டும் கல்யாணம் முடியிற வரைக்கும் நிப்பாட்டிருவோம். அதைத் தின்னுதான் பிள்ளை ஊதிப்போய்க் கெடக்கு. பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல அந்த அட்டை பட்டுச்சுன்னா அன்னைக்கே முடிஞ்சுது."

நான் அதே அறையில்தான் ஆரி எம்பிராய்டரி ஃபிரேமில் துணியை இறுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தவர் அவர். என் மேல் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விழுங்குவது நான்.

ஜூன் 11, செவ்வாய்

இதைப் படிக்கும் புதியவர்களுக்காக எழுதிவைக்கிறேன். எனக்கு மனச்சிதைவு நோய். தினமும் இரவு ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம், கூடவே கை நடுக்கத்துக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

2018இல் ஆரம்பித்தது. கீழ்வீட்டில் மிக்ஸி ஓடினால் அந்த இரைச்சலுக்குள் என் பேரைச் சொல்லித் திட்டுவது கேட்கும். மிக்ஸி நின்றால் திட்டும் நிற்கும். அதனால் கீழ்வீட்டுக்காரர்கள்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. மருந்து ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்தில் மிக்ஸி வெறும் மிக்ஸியாகிவிட்டது. 2019இல் "அதான் சரியாயிருச்சே" என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஒரேயடியாக நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் குரல்கள் திரும்பின. அப்போது அவற்றுக்கு மிக்ஸிகூடத் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அன்றிலிருந்து அம்மா எண்ண ஆரம்பித்தாள். அட்டையைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு என் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்வாள். முப்பத்து நாலு வயதில் தினமும் இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.

மருந்து எனக்குக் கொடுத்தது பெரிது. எடுத்துக்கொண்டதும் இருக்கிறது. எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை. மார்பில் பால் கசிகிறது. கல்யாணமாகாத பெண் இதை யாரிடம் சொல்வது? காலையில் பத்து மணி வரைக்கும் தலை பாரம். ஆரி வேலையில் இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்து ஊசியின் கொக்கியில் மாட்ட வேண்டும், வலது கை அதை மேலே இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்தான் கண். அந்த விரல் விறைத்துக்கொண்டால் சங்கிலித் தையல் ஒரே அளவில் விழாது. போன முகூர்த்தத்துக்குக் கழுத்து டிசைன் ஒன்றை முழுக்கப் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

ஜூன் 20, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்று நாளாகக் காபி ஒருமாதிரி கசந்தது. நேற்று ஃபிரேம் முன்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் எழுப்பிவிடுகிறது, நடந்தால் படுக்கச் சொல்கிறது, படுத்தால் உள்ளே ஏதோ ஊர்கிறது. இன்று பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன பாட்டில் கிடைத்தது. அதே ரிஸ்பெரிடோன், திரவமாக. பெரியப்பா பேச்சைக் கேட்டு நான் மாத்திரையைத் துப்பிவிடுவேனோ என்று அம்மா பயந்திருக்கிறாள். மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது, சொட்டும் போயிருக்கிறது.

"நீ திரும்ப அந்த மாதிரி ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்டி" என்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று நம்புவதுதான் இந்த நோயின் முதல் அடையாளமாக எங்களிடம் கேட்கப்படுவது. அதை ஒரு வீடு நிஜமாகவே செய்தால், அந்த வீட்டில் நான் எதை நம்பிச் சாப்பிடுவது?

ஜூலை 3, புதன்

டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். இத்தனை வருடத்தில் இது முதல் தடவை. சொட்டு மருந்து உடனே நிற்க வேண்டும் என்றார். ரத்தத்தில் புரோலாக்டின், அதாவது பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், நூறைத் தாண்டியிருக்கிறது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைத் தடுத்துக் குரல்களை அடக்கும் இதே மருந்துதான், பிட்யூட்டரி சுரப்பியிலும் டோபமினைத் தடுத்து அந்த ஹார்மோனை ஏற்றிவிடுகிறதாம். மாதவிலக்கு நின்றதும் பால் கசிவதும் அதனால்தான்.

நிறுத்தினால் என்ன என்று நேராகவே கேட்டேன். அவரும் மழுப்பவில்லை. பிரிட்டனில் 253 பேரை வைத்து நடந்த ராடார் என்ற ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பாதிப் பேருக்கு மருந்தை மெல்ல மெல்லக் குறைத்தார்கள், மற்றவர்களுக்கு அப்படியே தொடர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் குறைத்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் தொடர்ந்தவர்களில் 13 பேருக்கும் நோய் கடுமையாகத் திரும்பியது. குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை மேம்படவும் இல்லை. அதற்கு முன்னால் 2013இல் வந்த நெதர்லாந்து ஆய்வு வேறு மாதிரி சொன்னது. தொடக்கத்திலேயே குறைத்துப் பார்த்தவர்களில் அதிகம் பேர் ஏழு வருடம் கழித்து நன்றாகத் தேறியிருந்தார்கள். "இதுல நீங்க எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

குறைப்பதானால் ஒரு மில்லிகிராம் குறைத்துவிட்டுச் சில மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வேறு மருந்துக்கு மாற்றுவதும் ஒரு வழி. யோசித்துவிட்டு வரச் சொன்னார். யோசிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாத்திரைக்குச் சரி என்றால் நான் தெளிந்தவள். வேண்டாம் என்றால் பேசுவது நோய். இரண்டில் எதைச் சொன்னாலும் அது என் பேச்சாக எடுக்கப்படவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பெரியப்பா திரும்ப வந்தார். மனநோய் தீரும் என்று நம்புகிற குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வந்தால் மாத்திரையே வேண்டியிருக்காது என்கிறார். பெருமாளைச் சேவிக்க எனக்கும் ஆசைதான். போகிறேன், மாத்திரையோடு போகிறேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டேன். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், முக்கியமான விஷயத்தை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று காட்டினால் கல்யாணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். மறைப்பதால் எனக்கு என்ன பாதுகாப்பு? "சட்டமெல்லாம் பேசுறியா" என்றார். ஆமாம், பேசினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

2001இல் இதே நாள் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது, குணமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட சொந்தங்கள்தான்.

முடிவு எடுத்துவிட்டேன். மருந்தை நிறுத்தவில்லை. 3 மில்லிகிராமாகக் குறைக்கிறேன்.

2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, நமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையைக் கொடுக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. டாக்டரோ வீட்டாரோ அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் போகலாம். அது தெரிந்தேதான் எழுதினேன்.

குரல் திரும்பி, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்காமல் இருந்தால், நான் வேண்டாம் என்று கத்தினாலும் திரும்ப 4 கொடுங்கள். ஹாலோபெரிடால் ஊசி வேண்டாம், 2019இல் அதைப் போட்டுக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சாப்பாட்டிலும் காபியிலும் எதுவும் கலக்கக் கூடாது. எனக்காகப் பேச நான் நியமிப்பது என் தம்பியை.

முதல் வரியைப் படித்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இதை நீயேவா எழுதுன?" என்றாள். தம்பி கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், எதிர்வீட்டு டீச்சரும் என்னோடு ஆரி போடும் அக்காவும் போட்டார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

3 மில்லிகிராமில் இருக்கிறேன். முதல் வாரம் தூக்கம் கலைந்தது, இப்போது பரவாயில்லை. விரல் கொஞ்சம் இளகியிருக்கிறது, மணி கோக்கும்போது தெரிகிறது. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. விருதுநகர்க்காரர்களிடம் தம்பியே போனில் எல்லாம் சொன்னான். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை, அது வலிக்கிறது.

மாத்திரை அட்டை இப்போது என் அலமாரியில். ராத்திரி அம்மா "போட்டுட்டியா?" என்று கேட்கிறாள், போட்டுட்டேன் என்கிறேன், அதோடு சரி. அடுத்த ரத்தப் பரிசோதனை அக்டோபரில். புரோலாக்டின் இறங்காமல் இருந்தால் வேறு மருந்துக்கு மாறுவது பற்றிப் பேச வேண்டும். அதற்குள் ஆவணி முகூர்த்த பிளவுஸ் நாலு முடித்துக் கொடுக்க வேண்டும்.