கொழும்பில் பேறுகாலத் துணைச் சேவை: பதிவு முதல் 42ஆம் நாள் வரை

கொழும்பில் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவ வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. காசல் வீதி, டி சொய்சா அரச மகப்பேற்று வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. வசதியுள்ளவர்கள் தனியார் வைத்தியரிடம் சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து, போகிறார்கள். அரச மருத்துவமாதுவான பகுதிக் குடும்பநல மாது வீட்டுக்கே வந்து பார்ப்பதும் இலவசம். அப்படியிருக்க, பேற்றுக்கு முன்னும் பின்னும் வீட்டுக்கு வந்து தாய்க்குத் துணைநிற்கும் எங்களுக்கு ஒரு குடும்பம் எதற்குக் காசு தர வேண்டும்? இந்தத் தொழிலில் இறங்குபவர் இதற்குப் பதில் தெரிந்துகொண்டுதான் பதிவுக்கே போக வேண்டும்.

வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபின் வரும் நாட்களைப் பாருங்கள். சுகப்பிரசவமென்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில், சிசேரியன் என்றால் இரண்டு மூன்று நாளில் தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். பால் கட்டத் தொடங்குவது மூன்றாம் நான்காம் நாளில். அப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் கணவனும் அவளும் மட்டும். அம்மா யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கனடாவிலோ. இரவு இரண்டு மணிக்கு மார்பு கல்லாகி, பிள்ளை வாய் வைக்க முடியாமல் கத்தும்போது கூப்பிட ஒருவரும் இல்லை. பயிற்சி பெற்ற கை, அவசரமில்லாத நேரம், தமிழில் கதைக்கும் ஆள்: குடும்பங்கள் காசு கொடுப்பது இந்த மூன்றுக்கும்தான். மருத்துவத்துக்கு அல்ல.

ஆகவே செய்யாதவற்றை முதலில் எழுதுங்கள். எங்கள் தாளில் இருப்பவை: ஊசி போடமாட்டோம், தையல் பிரிக்கமாட்டோம், காயத்துக்கு மருந்து கட்டமாட்டோம், உள்பரிசோதனை செய்யமாட்டோம், மருந்தின் அளவை மாற்றச் சொல்லமாட்டோம், வீட்டில் பிரசவம் பார்க்கமாட்டோம். இலங்கையில் மருத்துவமாதுகள் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர்கள். பதிவில்லாதவர் அந்த வேலையில் கை வைக்கக்கூடாது. மருத்துவப் பராமரிப்பையும் விற்க விரும்பினால் அது தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பதிவுச் சட்டத்தின் பக்கம் போகிறது. தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையிடம் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

சிக்கல் வருவது ஓய்வுபெற்ற தாதி ஒருவர் குழுவில் சேரும்போது. “நீங்கள் நர்ஸ்தானே அக்கா, இந்தக் கட்டை ஒருக்கா மாத்தி விடுங்கோ” என்று வீட்டார் கேட்பார்கள். அவருக்கும் மறுக்க மனம் வராது. ஒருமுறை செய்தால் அடுத்த வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள், அந்தக் காயம் சீழ் கட்டினால் பொறுப்பு உங்களுடையது. அதனால் இந்தத் தாளைக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஊழியரிடம் கையெழுத்து வாங்குகிறோம். பெயர்ப் பலகையிலும் கிளினிக், நர்சிங், மெடிக்கல் என்ற சொற்கள் வேண்டாம்.

பதிவு

தனியாளாகவோ பங்குடைமையாகவோ தொடங்கினால் வியாபாரப் பெயர்ப் பதிவு, எல்லோரும் சொல்லும் பி.ஆர்., போதும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எடுக்கலாம். மாநகர எல்லைக்குள் இரண்டு செயலகங்கள் இருப்பதைக் கவனியுங்கள். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மட்டக்குளி என்றால் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய. தெஹிவளைக்கு அதன் சொந்தச் செயலகம். அடையாள அட்டைப் பிரதி, தொழில் நடக்கும் இடத்துக்கான உறுதிப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் அதிகம் தடுக்குப்படுவது இடத்தில்தான். தொடர்மாடி வீடு வாய்ப்பேச்சில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருக்கும். கிராம உத்தியோகத்தருக்கு உங்களைத் தெரியாது. எனவே வாடகை ஒப்பந்தத்தை எழுத்தாக்குவதும், இந்த விலாசத்தில் தொழில் நடத்த உரிமையாளரின் சம்மதக் கடிதம் வாங்குவதும்தான் முதல் வேலை. வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்க பி.ஆர். கேட்பார்கள். தனியார் கம்பனியாகப் பதிவதானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இணையவழியாகச் செய்யலாம். ஆனால் கம்பனிச் செயலாளர், வருடாந்த அறிக்கை என்று செலவு தொடரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் முதல் வருடத்துக்கு அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் எண்ணம் இருந்தால் அது வேறு தொழில். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வரும், சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். தாயின் வீட்டு அடுப்பில் அவர்கள் வாங்கிய சாமானில் சமைத்துக் கொடுப்பதோடு நிற்பது நல்லது.

வருகைகள்

பேற்றுக்கு முன் இரண்டு வருகை: 30 வாரத்தை ஒட்டி ஒன்று, 36இல் ஒன்று. முதல் வருகையில் கர்ப்பிணிப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் சனல் பண்ணும் பெண்கள் பலர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவதே இல்லை. அதனால் குடும்பநல மாதுவுக்கு அந்த வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருப்பதே தெரியாது. பேற்றுக்குப் பின் முதல் பத்து நாளுக்குள் அவர் வர வேண்டிய வருகைகளும் நடக்காமல் போகும். தனியாரிடம் காட்டினாலும் பகுதி மாதுவிடம் பதியலாம், பதிய வேண்டும். இதைச் செய்து கொடுப்பதே அந்த வருகையின் பெரிய பயன். மாதுவுக்கு எங்களை நாங்களே அறிமுகப்படுத்துவதும் அப்போதுதான். அவரைப் போட்டியாளராகப் பார்க்கும் சேவை நிலைக்காது. எங்களுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் அழைப்பது அவரைத்தான்.

பேற்றுக்குப் பின்: வீடு வந்து 24 மணிக்குள் ஒன்று, பால் கட்டும் மூன்றாம் நான்காம் நாளில் ஒன்று, ஏழாம் நாள், பதினான்காம் நாள், பிறகு 42ஐ ஒட்டி ஒன்று. செலவைக் குறைக்கச் சொன்னால் ஏழாம் நாளை விடலாம். மூன்றாம் நான்காம் நாளை விடவே கூடாது.

அன்று பார்ப்பவை இவை. பிள்ளை 24 மணிக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கிறதா? ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், கரும்பச்சை மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை குறைவது வழமை. பத்து வீதத்துக்கு மேல் குறைந்தாலோ இரண்டு கிழமையில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ வைத்தியரிடம் போக வேண்டும். நாங்கள் தராசு கொண்டுபோவதில்லை. இரண்டு தராசு இரண்டு எடை காட்டும், அந்த வித்தியாசத்துக்கே தாய் பயந்து பால்மா தேடுவாள். மாதுவின் தராசு ஒன்றே போதும்.

பால் கட்டினால் பாட்டிமார் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்ப்பார்கள். வீக்கம் கூடி, காம்பு தட்டையாகி, பிள்ளைக்குப் பிடி கிடைக்காமல் போவது இதனால்தான். பால் கொடுக்க முன் காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் மெதுவாக உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். பிறகு பிள்ளையின் வாய் அகலத் திறந்ததும் காம்பை மட்டுமன்றிக் கருவளையத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடிந்ததும் குளிர்ந்த துணி. கறந்த பாலை 25 பாகை வெப்பநிலை வரைதான் நான்கு மணித்தியாலம் வெளியே வைக்கலாம். கொழும்புப் பகல் அதைத் தாண்டிவிடும் என்பதால் கறந்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், அங்கே நான்கு நாள் தாங்கும்.

பாட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி போட்டு அரைத்த சரக்குக்கறியில் ஒரு பிழையும் இல்லை, நல்ல சாப்பாடு. சுறா வறையும் வைக்கட்டும். பெரிய சுறாவில் பாதரசம் கூட என்பதால் சின்ன மீன்களை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம். வேது போட்டுக் குளிப்பதும் சரிதான், சிசேரியன் காயம் ஆறும்வரை அது நனையாமல் உடம்பைத் துடைத்தால் போதும். விட்டுக்கொடுக்க முடியாதவை சில உண்டு. வயிறு வைக்கும் என்று தண்ணீரைக் குறைப்பது மலச்சிக்கலைத் தரும். எழும்பி நடக்கவே விடாமல் படுக்க வைப்பது காலில் இரத்தக்கட்டி வர வழிவிடும். பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கும் சேனை, கோரோசனை, ஓமத்தண்ணீர் எதுவும் ஆறு மாதம்வரை கூடாது, தேன் ஒரு வயதுவரை கூடாது. இதைத் தாயைக் கொண்டு சொல்விக்காதீர்கள். பேற்றுக்கு முந்திய வருகையிலேயே, பாட்டி ஊரிலிருந்தால் வட்ஸ்அப்பில் அழைத்து, “அம்மா, இதையெல்லாம் செய்யலாம், இந்த மூன்றை மட்டும் விடுவோம்” என்று நாங்களே சொல்லிவிடுகிறோம்.

உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியவற்றை ஒரு அட்டையில் அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிறோம். தாய்க்கு: ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு சானிட்டரி பாட் நனைவது, 38 பாகைக் காய்ச்சல், கடும் தலையிடியோடு கண் மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு எடுக்கக் கஷ்டம். பேற்றுக்குப் பின்னும் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. “தலையிடிக்குப் பனடோல் போட்டுப் படு” என்பதில் உயிர் போகலாம். பிள்ளைக்கு: முதல் 24 மணிக்குள் மஞ்சள், கை கால் வரை இறங்கும் மஞ்சள், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, 38க்கு மேல் காய்ச்சல். அடியில் சுவசெரிய இலவச அம்புலன்ஸின் 1990 எண். இரத்தம் போகிறது என்பதற்கு ‘லே யனவா’, மூச்சு எடுக்க முடியவில்லை என்பதற்கு ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’, தலையிடிக்கு ‘ஒலுவ ரிதெனவா’ என்று சிங்களச் சொற்களையும் தமிழெழுத்தில் எழுதுகிறோம். ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்க்கு வார்டில் இது உதவும்.

மனநிலைக்கும் அதே கவனம். மூன்றாம் ஐந்தாம் நாள் அழுகை இரண்டு கிழமைக்குள் தணிய வேண்டும். தணியாவிட்டால், நித்திரை கொள்ள வாய்ப்பிருந்தும் முடியாவிட்டால், பிள்ளையையோ தன்னையோ குறித்துப் பயங்கரமான எண்ணம் வந்தால் அன்றே வைத்திய உதவி. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கமும் அட்டையில் உண்டு.

லேபர் ரூம்

பிரசவத்தின்போது கூடவே ஒருவர் இருந்தால் நோவு நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. பிரசவத்தின்போது துணை இருப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ஆனால் யாரை உள்ளே விடுவது என்பது வைத்தியசாலைக்கு வைத்தியசாலை, யூனிட்டுக்கு யூனிட் வேறு. ஒருவருக்குத்தான் இடமென்றால் அது கணவனா, அம்மாவா, நீங்களா என்பதை 36ஆம் வாரத்தில் பேசி, வைத்தியரிடமும் கேட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பம் கொடுத்த காசுக்கு நீங்கள் வெளி வாங்கில் இருக்க நேரும். எனவே அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணம் பேற்றுக்குப் பிந்திய வருகைகளாக மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறோம்.

கட்டணம்

இந்த வேலையில் கணக்குப் பிழைப்பது நோவு நேரத்தை மட்டும் எண்ணுவதால். பிரசவத்தில் கூட இருந்து, அதன்பின் இரண்டு வருகை மட்டும் செய்வதானால்கூட: முந்திய இரண்டு வருகை 4 மணித்தியாலம், பிரசவம் 14, பிந்திய இரண்டு வருகை 4, பயணம் 6, தொலைபேசி 4: மொத்தம் 32. மணிக்கு 1,000 ரூபா என்று பிடித்தாலும் 32,000. இதற்கு மேல் 37ஆம் வாரம் முதல் 42 வரை ஐந்து கிழமை தொலைபேசியை அணைக்காமல், கொழும்பை விட்டுப் போகாமல் இருப்பதற்கான தொகை. ஒருவர் மாதத்துக்கு இரண்டு மூன்று பிரசவத்துக்கு மேல் ஏற்கக்கூடாது. அவருக்கு மாற்றாள் யார் என்பதும் ஒப்பந்தத்தில் பெயரோடு இருக்க வேண்டும், தாய் அவரை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். காலி வீதியில் அலுவலக நேர நெரிசல் ஒரு வருகையை விழுங்கிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்கு ஒருவர், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைக்கு ஒருவர் என்று பிரித்தால் நாளுக்கு மூன்று வீடு பார்க்கலாம்.

சம்பள ஊழியர் ஒருவர் என்றாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு: உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, அதற்கு மேல் நீங்கள் கட்டும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. அதாவது 50,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து மேலதிகமாக 7,500. வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள் நல்ல ஆட்களை ஆறு மாதத்தில் இழக்கிறார்கள்.

பால்மாக் கம்பனி, டயப்பர்க் கடை, தனியார் வைத்தியசாலை எதனிடமும் கொமிஷன் வேண்டாம். பால்மா விளம்பரம் பற்றி 1981இன் சர்வதேச விதிக்கோவை இருக்கிறது, இலங்கைக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. அது ஒருபுறமிருக்க, பரிசுப் பொதியோடு வீட்டுக்குள் போனால் அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் தாய் நம்பமாட்டாள். பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. ஊழியர்களின் வட்ஸ்அப் குழுவில் தாயின் பெயரைக்கூட முழுமையாக எழுதுவதில்லை.

ஒப்பந்தத்தில் கடைசியாக ஒரு பந்தி வேண்டும்: பிள்ளை தங்காவிட்டால். பலர் அபசகுனம் என்று அதை எழுதத் தயங்குகிறார்கள். முழுப் பணமும் திரும்பும், தாய் விரும்பினால் இரண்டு வருகை கட்டணமில்லாமல் நடக்கும் என்று எழுதுங்கள். வாயால் விளக்கத் தேவையில்லை, தாளில் இருந்தால் போதும். பிள்ளை இல்லாத வீட்டிலும் மூன்றாம் நாள் பால் சுரக்கும், அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இறுக்கிக் கட்டாமல் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி, தாங்க முடியாதபோது வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் கறப்பது. முழுக்கக் கறந்தால் மேலும் சுரக்கும். காய்ச்சலோ சிவப்போ வந்தால் வைத்தியர். அந்த வீட்டு விலாசத்தை வாழ்த்துச் செய்தி போகும் பட்டியலிலிருந்து அன்றே எடுத்துவிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.