டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவுக்கா இருக்கு?

சர்க்கரை, தைராய்டு, டெங்கு. அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் லேபுக்குக் காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் வருவார்கள். கொஞ்ச நாளாக ஜெர்சியும் ரப்பர் செருப்புமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. என் தம்பியின் காலேஜ் ஃபுட்பால் டீம். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. காலுக்கு வெயிட் போட்டால் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் எகிறும், அது எகிறினால் மைதானத்தில் ஒருத்தனும் பிடிக்க முடியாது என்று ஜிம்மில் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதனால் தோளில் வெயிட்டோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் முடித்த கையோடு, வேர்வை காய்வதற்குள் வந்து கையை நீட்டுகிறார்கள்.

ஊசி குத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நேரத்து ரத்தத்தை நம்பக் கூடாது. கனமான பயிற்சியின்போது ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி கொஞ்சம் தசைப்பக்கம் இறங்கிவிடும். பர்ப்பிள் மூடி ட்யூபில் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்த்தால் ஏறியிருக்கும். ஹார்மோன் புதிதாக ஒரு துளிகூடச் சுரக்காவிட்டாலும் ரத்தம் கெட்டியானதாலேயே அளவு கூடுதலாகக் காட்டும். புதிதாகச் சுரப்பதும் உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரம் போல ஆனதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இது போக, இளவயதுக்காரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் குறையும். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பதும், குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்துப் பார்ப்பதும் அதனால்தான். வளர்ந்த ஆண்களுக்கு நார்மல் என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை நீள்கிறது. 480 வந்தவன் 620 வந்தவனைப் பார்த்து மூஞ்சியைத் தொங்கப்போட அதில் ஒன்றுமே இல்லை.

சரி, அந்த ஒரு மணி நேர ஏற்றம் தசையையாவது வளர்க்கிறதா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதை அழகாகச் சோதித்திருக்கிறார்கள். 12 ஆண்கள். ஒவ்வொருவரும் ஒரு கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு நாளில் மறு கைக்கு அதே பயிற்சி, அது முடிந்ததும் காலுக்கும் கனமான பயிற்சி. காலுக்குச் செய்த நாளில் ஹார்மோன்கள் நன்றாக ஏறின. 15 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கைக்கும் பலத்திலும் பருமனிலும் வித்தியாசம் இல்லை. 2010இல் வெளியான ஆய்வு இது. தம்பியிடம் சொன்னேன். "அப்ப வெயிட் தூக்கறதே வேஸ்ட்டாக்கா?" என்றான். நேர் எதிரான இடத்துக்குப் போய்விட்டான்.

வேஸ்ட் இல்லை. பலன் வருகிற வழிதான் வேறு. முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்ந்துவிடாது. மூளையும் நரம்பும் இருக்கிற தசையையே கூடுதலாக, சீக்கிரமாக வேலை வாங்கப் பழகிக்கொள்ளும். காலைத் தரையில் ஊன்றி உதைக்கிற நேரம் ஒரு நொடியில் சிறு பங்கு. அதற்குள் எவ்வளவு விசை வருகிறது என்பதுதான் ஃபுட்பாலுக்கு வேண்டியது. நார்வேயின் ரோசன்போர்க் அணியில் 17 வீரர்களை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். அரை ஸ்குவாட்டில் சராசரியாக 170 கிலோவுக்கு மேல் தூக்கியவர்கள் அவர்கள். அவர்களுக்குள்ளேயே அதிகம் தூக்கியவர்கள்தான் 10 மீட்டரை வேகமாக ஓடினார்கள், உயரமாகவும் எம்பினார்கள். பலத்தால்தான் வேகம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பிறவியிலேயே இரண்டும் வாய்த்தவர்களாக இருக்கலாம். ஆனாலும் ஹார்மோன் ரிப்போர்ட்டைவிட இது எனக்குப் பிடித்த அளவு.

அதையே செலவில்லாமல் செய்யலாம். விரல் நுனியில் சாக்பீஸ் தடவிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, கையை நீட்டி ஒரு கோடு. நின்ற இடத்திலிருந்து எம்பி இன்னொரு கோடு. நடுவில் இருக்கும் இடைவெளியை இஞ்ச் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவர் இப்போது முழுக்கக் கோடு. அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறார். வாராவாரம் அதே நேரத்தில், அதே ஷூவோடு செய்தால் போதும்.

பெண்கள் அணிப் பிள்ளைகளும் கேட்டார்கள், "எங்களுக்கு அந்த ஹார்மோனே கம்மி, நாங்க வெயிட் தூக்கி என்ன ஆகப் போகுது?" என்று. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இருக்காதுதான். ஆனால் அவரவர் தொடங்கின பலத்திலிருந்து எத்தனை சதவீதம் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் பெண்கள் பின்தங்குவதில்லை. கூட ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முட்டி போட்டபடி முன்பக்கமாக மெதுவாகச் சாய்கிற நார்டிக் பயிற்சியை அவர்களும் விடக் கூடாது. பின்தொடைத் தசை கிழிவதை அது வெகுவாகக் குறைக்கிறது.

ஹார்மோன் பக்கம் நான் பயப்படுவது ஏறுவதைப் பற்றி இல்லை, இறங்குவதைப் பற்றித்தான். இவர்கள் சனிக்கிழமை லெக் டே. ஞாயிறு விடியற்காலையில் அடிவாரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ஏற்காடு ரோட்டில் மலை ஓட்டம். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் ஏறிவிட்டு, டீயும் ஒரு பன்னும். மத்தியானம் வரை அவ்வளவுதான் சாப்பாடு. ராத்திரி ஒரு மணி வரை போன். உழைப்பு கூடி, சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் கார்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் கையோங்கும், டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே படுத்துவிடும். சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு அளந்தபோது, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. 10 பேர்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் ஜிம்முக்குக் கட்டுகிற பணத்தை இவர்கள் போனில் தொலைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றும் ஒருத்தன் தயங்கித் தயங்கிக் கேட்டான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் தசை வளரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியிலிருந்து வருவதைக் கண்டதும், விதையைச் சுரக்கச் சொல்லும் மூளையடி பிட்யூட்டரி சுரப்பி தன் சிக்னலை நிறுத்திவிடும், விதை சுருங்கும், விந்தணு குறையும், நாடா (NADA) என்கிற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனையில் மாட்டினால் விளையாட்டே போச்சு. அவன் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

கோச்சிடமும் போய்ப் பேசினேன். ஸ்குவாட்டுக்கு மறுநாளே மலை ஏறவிட்டால் கால் தேற நேரமில்லை என்றதும் முதலில் முறைத்தார். நோட்டில் இருந்த எம்பிய அளவுகளைக் காட்டினேன். ஞாயிறு ஓட்டத்துக்கு அடுத்த இரண்டு நாள் எல்லாருக்கும் அளவு இறங்கியிருந்தது. மலை ஓட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். காலேஜ் ஜிம்மில் இருக்கிற ஒரே ஸ்குவாட் ரேக்கும் ஆட்டம் காண்கிறது. புது ரேக்குக்கு யார் காசு போடுவது என்பதுதான் இப்போது பஞ்சாயத்து.