ஓடும் என்று சொன்னேன்

படகு மோட்டார் சிலிண்டரின் தேய்மானத்தை மூன்று முறை அளந்தேன். முதல் முறை 0.09 மில்லிமீட்டர், அடுத்த முறை 0.08, கடைசியாக 0.07. அட்டையில் 0.07 என்று எழுதினேன்.

9.9 குதிரைத்திறன் மோட்டார், இரண்டு சிலிண்டர், 56 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். மேல் சிலிண்டரில் குறை இல்லை. கீழ் சிலிண்டரில்தான் மூடி இருக்கும் ஹெட் பக்கத்து விட்டத்துக்கும் அதற்கு எதிரே கிராங்க் பக்கத்து விட்டத்துக்கும் வித்தியாசம், அதாவது டேப்பர், எல்லையை ஒட்டி நின்றது. என்னிடம் இருக்கும் சர்வீஸ் புத்தகம் அந்த மோட்டாருக்கு 0.08 வரை போகலாம் என்கிறது. 0.07 என்றால் உட்சுவரை லேசாகத் தேய்த்து ஹோனிங் செய்து, பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதும். 0.09 என்றால் லேத்துக்கு அனுப்பி உள்ளே கடைந்து போர் எடுத்து, 0.25 பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிப் போடவேண்டும். நான்கைந்து நாள் போய்விடும்.

மே மாதம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. வள்ளக்காரர் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். மோட்டாருக்குச் சொந்தக்காரர், உவரிப் பக்கத்து அண்ணாச்சி, என் பட்டறை வாசலிலேயே நின்றார். டேப்பர் என்ன, ஓவல் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"ஓடுமா, ஓடாதா? அத மட்டும் சொல்லுடே தம்பி. நாளைக்கு எறங்கணும்லா."

"ஓடும் அண்ணாச்சி."

இந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

நான் செய்தது தப்பு என்று சட்டென்று சொல்லவும் முடியவில்லை. உள்விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டால் லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கவேண்டும். முள் குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் திரும்பும், அந்தக் குறைந்த அளவுதான் சரியான விட்டம். கேஜ் சாய்ந்திருந்தால் அளவு கூடித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. சாய்ந்தது ஹெட் பக்கத்தில் என்றால், மூன்றில் சின்னதை எடுத்தது முறைதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இருந்திருந்தாலும் அதையே எடுத்திருப்பார்.

ஆனால் எந்த ஆழத்தில் அளந்தேன் என்று நான் குறி வைக்கவில்லை. தேய்மானம் அதிகம் இருப்பது ஹெட் பக்கம் மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில். அதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி அளந்தாலே அளவு குறைந்துவிடும். மூன்றாம் முறை கேஜை நேராகப் பிடித்தேனா, இல்லை கீழே இறக்கிப் பிடித்தேனா? வெயிலில் லோடு ஆட்டோவில் வந்த இன்ஜின், சூட்டில் அளவு மாறியிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது நிற்காது. சூடு இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரிக்கும், வித்தியாசத்தை அவ்வளவு மாற்றாது.

இதைவிட உறுத்துவது வேறு. புது ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அதன் இரு நுனிக்கும் நடுவே உள்ள கேப்பைப் பார்ப்போம். கிராங்க் பக்கம் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதே ரிங்கை ஹெட் பக்கமும் வைத்திருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். விட்டம் கூடுவதைப்போல 3.14 மடங்கு ரிங் கேப் கூடும். டேப்பர் 0.07 என்றால் கேப்பில் 0.22 வித்தியாசம், 0.09 என்றால் 0.28. ஃபீலர் கேஜ் தகட்டிலேயே பிரித்துப் பார்க்கக்கூடிய அளவு அது. ரிங்கும் தகடும் கையில்தான் இருந்தன, இரண்டு நிமிட வேலை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், அவசரம் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 0.28 வந்துவிடுமோ என்று பயந்தேனோ என்னவோ.

ஐந்து வாரம் நன்றாக ஓடியது. ஜூனில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் வலையை ஏற்றித் திரும்பும்போது இழுவை விட்டு, அப்புறம் நின்றே போனது. அவரும் மகனும் வள்ளத்தோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கண்டு கயிறு கட்டி இழுத்துவந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்டதால் ஆகவில்லை.

பிரித்தேன். கீழ் பிஸ்டனில் ரிங் கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது, சைலன்சர் பக்கம் முழுக்கக் கீறல். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு இது புதிதல்ல, ஆயில் கொஞ்சம் குறைத்துக் கலந்தாலும் இதே கதிதான். டேப்பர் அதிகமாக இருந்தாலும் இதில்தான் முடியும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் நொடிக்கு 80 தடவைக்கு மேல் ரிங் விரிந்து விரிந்து சுருங்கும், ஓரத்தில் புகை கசியும், சூடு ஏறும், கரி பிடிக்கும். எது காரணம்? மறுபடி அளந்தேன். கீறல் விழுந்த சிலிண்டர், 0.12 காட்டியது. மே மாதம் அது என்னவாக இருந்தது என்பதை இனி எந்த கேஜும் சொல்லாது.

போர் எடுத்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, இந்தத் தடவை ரிங்கை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன். சாமான் காசும் லேத் கூலியும் போதும், என் கூலி வேண்டாம் என்றேன். அண்ணாச்சி ரூபாயை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் வேண்டாங்க? தப்பு ஒம்மேலன்னா சொல்லிரு தம்பி. இல்லன்னா கூலிய வாங்கு. நான் ஒன்ன ஒண்ணும் சொல்லலயே. ஓடும்னு சொன்ன, ஓடத்தான செஞ்சிது."

முதலில் வந்த 0.09 நாக்கு நுனி வரை வந்தது. பட்டறைப் பையன் நின்றுகொண்டிருந்தான். மகன் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கூலியை வாங்கிக்கொண்டேன். அவர் அதன்பிறகு மூன்று தடவை வந்துபோய்விட்டார், நான் இன்னும் சொல்லவில்லை.