மூன்று பல்சக்கரங்களும் ஒரு கோப்ளினும்

வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு முப்பரிமாண மாடல் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில், சென்னையில், ப்ராப்ஸ் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்தேன். வாள், கேடயம், பீப்பாய், புதையல் பெட்டி என்று, ஆடுகிறவர்கள் ஒரே அடியில் உடைத்துவிட்டுப் போகிற சாமான்கள்தான் பெரும்பாலும். அந்த வரிசையில் வந்து சேர்ந்தவன் கோப்ளின் கண்டுபிடிப்பாளன். கோப்ளின் என்றால் ஐரோப்பியக் கதைகளில் வரும் குட்டிப் பூதம். எந்த கேம் என்று சொல்ல ஒப்பந்தம் விடாது. சொன்னாலும் பெரிய ரகசியம் இல்லை, பாதி ஃபேன்டஸி கேம்களில் அவன் இருக்கிறான். இடுப்புயர உருவம், விசிறி மாதிரி காது, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, முதுகில் பாய்லர், கையில் தன்னைவிட நீளமான ஸ்பேனர். அவன் எதைச் செய்தாலும் கடைசியில் வெடிக்கும். அவனை வைத்துப் பண்ணுகிற காமெடியே அதுதான்.

உடம்பும் முகமும் கேரக்டர் டீமுக்குப் போயின. பாய்லரும் அதைச் சுற்றிய இயந்திரமும் என் தலையில். கேரக்டர் டீமுக்கு வந்த ஸ்டைல் கைடில் மூக்குக்கென்றே தனிக் குறிப்பு இருந்தது: வளைந்த கழுகு மூக்கு வேண்டாம், பண மூட்டை வேண்டாம், நாணயம் எண்ணுகிற போஸ் வேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் யூதர்களை வட்டிக்காரர்களாகக் கேலி செய்து வரைந்த முகம் அப்படியே கோப்ளின் முகமாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு பல வருடமாக இருக்கிறது. நம் ஊரில் உட்கார்ந்து வரைகிறவனுக்கு இந்த வரலாறு தெரிய வாய்ப்பில்லை. பழைய படங்களை ரெஃபரன்ஸாக வைத்துக்கொண்டால் மூக்கு தானாகவே வளைந்துவிடும். கிளையண்ட் கொடுக்கிற குறிப்புகளில் முக்கால்வாசி எனக்கு எரிச்சல் ஊட்டுபவை. இது அப்படியல்ல.

கோப்ளினுக்கும் இயந்திரத்துக்கும் என்ன உறவு என்று தேடினால் சுரங்கத்தில் போய் நிற்கும். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் பூமிக்கடியில் கோபோல்ட் என்ற குட்டிப் பூதங்கள் இருப்பதாக நம்பினார்கள். வெள்ளிக் கனிமம் என்று நினைத்து உருக்கினால் வெள்ளி வராமல் ஆர்செனிக் நச்சுப்புகை வரும். கோபோல்ட்தான் கல்லைக் கெடுத்துவிட்டது என்பார்கள். அந்தக் கனிமத்திலிருந்து 1730களில் ஸ்வீடன் வேதியியலாளர் கேயோர்க் பிராண்ட் பிரித்தெடுத்த உலோகம்தான் கோபால்ட். இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் அதே கதை வேறு மாதிரி: பாறைக்குள் ‘டொக் டொக்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் அது குட்டி மனிதர்கள் வேலை செய்வது. சாப்பாட்டில் ஒரு துண்டு அவர்களுக்கு விட்டுவைத்துவிட்டு வருவார்களாம். ஆக, நம்ம ஆள் பிறந்ததே வெடிமருந்தும் கொட்டாப்புளியும் புகையும் இருந்த இடத்தில். கையில் ஸ்பேனர் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. இதைப் படித்த பிறகு அவனை நான் கோமாளியாகப் பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து மேலே ஏறி வந்த தொழிலாளி என்றே மனதில் வைத்துக்கொண்டேன். மாடலில் நான் பிடித்த பிடிவாதங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

முதல் பிடிவாதம் பல்சக்கரத்தில். கான்செப்ட் படத்தில், அதாவது மாடலுக்கு முன் வரைகிற மாதிரி ஓவியத்தில், பாய்லரின் பக்கவாட்டில் மூன்று பல்சக்கரங்கள், முக்கோணமாக, ஒன்றோடொன்று பல் கோர்த்து நின்றன. பார்க்க அமர்க்களமாக இருந்தது. ஆனால் அது சுற்றாது. பல் கோர்த்த இரண்டு சக்கரங்கள் எப்போதும் எதிரெதிர்த் திசையில்தான் சுழலும். முதலாவது வலப்பக்கம் என்றால் இரண்டாவது இடப்பக்கம். மூன்றாவது இரண்டையும் தொட்டுக்கொண்டு நின்றால் எந்தப் பக்கம் திரும்பும்? மூன்றும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போஸ்டர்களிலும் கம்பெனி லோகோக்களிலும், ‘கூட்டு முயற்சி’ என்று போட்டு, இதே படத்தை நிறையப் பார்க்கலாம்.

எங்கள் லீடிடம் காட்டினேன். “கான்செப்ட்ல இருக்கிறத மாத்தினா கிளையண்ட் குதிப்பான். ஓடுற கேம்ல எவன் நின்னு பல்லு எண்ணப் போறான்?” என்றார். நியாயமான கேள்விதான். மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் நாம் சொல்கிறபடி எந்தச் சக்கரமும் சுற்றும். பல் பல்லுக்குள் புகுந்து போனாலும் கம்ப்யூட்டர் சண்டைக்கு வராது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இவனுடைய இயந்திரம் வெடிக்கிறது என்றால், அதற்கு முந்தின நொடி வரை அது ஓடியிருக்க வேண்டும். ஓடவே முடியாத ஒன்று வெடித்தால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? பல்லு எண்ணாத பையனுக்கும் ஏதோ இடிக்கிறது என்பது கண்ணில் படும். எது என்றுதான் சொல்லத் தெரியாது.

கடைசியில் மூன்றாவது சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். ஆழத்தில் ஒரு சக்கரத்தின் தடிமன் அளவுதான். முன்னாலிருந்து பார்த்தால் கான்செப்ட் படம் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மூன்றாவது முதல் சக்கரத்தைத் தொடாமல் அதன் பின்னால் போகும். இரண்டாவதை மட்டும் தடிமனாக்கி, இரண்டோடும் கோர்க்க வைத்தேன். கிளையண்ட் பக்கத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்காததே எனக்குப் போதும்.

அனிமேட்டர்தான் என்னைத் திட்டினார், அதுவும் வேறு விஷயத்துக்காக. பெரிய சக்கரத்துக்கு 36 பல், சின்னதுக்கு 12. சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருந்தால் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் அசைவு, போடுவது சுலபம்: பெரியதை 10 டிகிரி, சின்னதை 30 டிகிரி திருப்பினால் ஒரு பல் இடத்தில் அடுத்த பல் வந்து நிற்கும், முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் பெரிய சக்கரத்தில் ஒரு பல்லை உடைத்து வரைந்திருந்தார். நானும் அதை விசுவாசமாக உடைத்து வைத்தேன். உடைந்த பல் திரும்பவும் அதே இடத்துக்கு வர முழுச் சுற்று ஆக வேண்டும். “ஒரு பல்லுக்காக எனக்கு முழு 360 டிகிரி வேலையா ப்ரோ?” என்று இருக்கையோடு திரும்பிக் கேட்டார். திட்டிக்கொண்டே செய்தாலும் நன்றாகச் செய்தார்: உடைந்த இடம் வரும்போதெல்லாம் பாய்லர் லேசாக ஒரு குலுங்கு குலுங்கும். அந்தக் குலுக்கல் யார் கேட்டும் வந்ததில்லை. சவுண்ட் டீம் அதைப் பார்த்துவிட்டு ஒரு ‘டக்’ சேர்த்தார்கள்.

பாய்லரில் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் சேஃப்டி வால்வே வைக்கவில்லை. அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடுகிற வால்வு அது. நான் சேர்த்தேன். சேர்த்ததோடு விடாமல் அதன் லீவரைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். இது என் கற்பனை அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பப்பான் 17ஆம் நூற்றாண்டிலேயே தன் நீராவிச் சமையல் பாத்திரத்துக்காக அந்த வால்வைச் செய்துவிட்டார். நம் வீட்டு குக்கருக்கு முப்பாட்டன் அந்தப் பாத்திரம். ஆனால் 1831 ஜூனில், அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், ‘பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற ரயில் எஞ்சினின் அடுப்பைக் கவனித்த ஃபயர்மேன், நீராவி சீறுகிற சத்தம் தாங்காமல் வால்வை அடைத்துவிட்டார் என்கிறார்கள். பாய்லர் வெடித்தது, அவரும் இறந்துபோனார். கோப்ளின் செய்தால் சிரிக்கிறோம். நிஜத்தில் அதைச் செய்தது அந்த இரைச்சலில் நின்று வேலை பார்த்த ஒரு தொழிலாளி. கயிறு கட்டும்போது அந்த ஆள் நினைப்பாகவே இருந்தது.

துருவுக்காகப் புதுப்பேட்டை போனேன். மாடலின் மேல் நிறமும் அழுக்கும் பூசுகிற டெக்ஸ்ச்சர் மென்பொருளில் ரெடிமேட் துரு கிடைக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லா விளிம்பும் ஒரே சீராகத் தேய்ந்து, எல்லாப் பள்ளத்திலும் ஒரே சீராக அழுக்கு சேர்ந்துவிடும். எந்தப் பொருளும் அப்படிப் பழசாவதில்லை. பழைய வண்டி பாகங்கள் குவித்து வைத்த ஒரு கடையில், ஒரு கியர்பாக்ஸ் மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்தார்.

“எந்த வண்டிக்கு தம்பி?”

“வண்டிக்கு இல்லண்ணே. போட்டோ எடுத்துக்கலாமா? கம்ப்யூட்டர்ல இதே மாதிரி துரு போடணும்.”

“துருவை எடுக்கத்தான் ஆள் வரும். போடுறதுக்கு வந்தது நீதான்” என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் படுகிற பக்கமாக மூடியைத் திருப்பியும் வைத்தார்.

அந்த மூடியில் துரு விளிம்பில் இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் போல்ட் பள்ளங்களைச் சுற்றித்தான் இருந்தது. எண்ணெய் கசிந்த இடத்தில் துருவே இல்லை, தூசி மட்டும் கறுப்பாக அப்பியிருந்தது. ஸ்பேனர் கடித்த போல்ட் தலைகளில் ஆறு மூலையும் மழுங்கிப் பளபளவென்று கிடந்தன. ஆபீஸ் வந்து அதைத்தான் போட்டேன். துருவுக்கு மெட்டாலிக் மதிப்பு (பரப்பு உலோகமா இல்லையா என்று மென்பொருளுக்குச் சொல்கிற எண்) பூஜ்யம் என்பதை ஜூனியர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும். இரும்பின் மேல் இருப்பதால் அதுவும் மின்னும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போல்ட் விஷயத்தில்தான் நேரம் எக்கச்சக்கமாகப் போனது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகு மரைக்கு ஒரு பொது அளவை முன்வைக்கும் வரை, இங்கிலாந்திலேயே ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம் கோப்ளின் அந்தக் காலத்து ஆள். கிடைத்ததைக் கழற்றிப் போட்டவன். அவன் பாய்லரில் இரண்டு போல்ட் ஒன்றுபோல இருக்கக் கூடாது என்றேன். ஒரு மாடலுக்கு இவ்வளவு மெமரிதான் என்று ஒதுக்குகிற மெமரி பட்ஜெட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாலு வகை செய்து, திருப்பியும் சாய்த்தும் போட்டு ஒப்பேற்றினோம். இரண்டு இடத்தில் போல்டுக்குப் பதில் ஆணியை அடித்து வளைத்துவிட்டேன்.

அதே கேமுக்கு அடுத்து வந்தது ஒரு க்னோம் கண்டுபிடிப்பாளர். க்னோமும் ஐரோப்பியக் கதைகளில் வரும் ஒரு குள்ள உருவம்தான். வரைபடம் போட்டு, அளவெடுத்து வேலை செய்கிற ஜாதி. ஒரே ஒரு போல்ட் மாடல் பண்ணி மற்றதையெல்லாம் காப்பி அடித்தேன். பாதி வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.