பழைய காருக்கு ஏஜென்ட் மூலம் இன்சூரன்ஸ் எடுத்தபோது

பயன்படுத்திய கார் ஒன்று வாங்கினேன். இன்சூரன்ஸுக்கு எங்கள் பகுதி ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். நேரில் கேள்வி கேட்க ஒரு ஆள் இருப்பது எனக்கு முக்கியம்.

முதலில் அவரிடம் கேட்டது, “நீங்கள் ஒரே கம்பெனிக்கா, பல கம்பெனிகளுக்கா?” என்பதைத்தான். பல கம்பெனிகள் என்றார். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார்: யாரெல்லாம் ஓட்டுவீர்கள், இரவில் எங்கே நிறுத்துவீர்கள், வாடகைக்கு விடுவீர்களா? பிரீமியம் பேசுவதற்கு முன்பே இதையெல்லாம் கேட்கும் ஏஜென்டை நம்பலாம் என்பது என் கருத்து. சொந்த உபயோகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்தபின் கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு அதுவே போதும்.

இரண்டு கம்பெனிகளின் கணக்கைக் காட்டினார். ஒன்றில் பிரீமியம் நன்றாகவே குறைவு. ஏன் என்று விடாமல் கேட்டேன். அதில் வண்டிக்குப் போட்டிருந்த மதிப்பு குறைவு. ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை அதிகம். வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ அந்த மதிப்பை வைத்துத்தான் பணம் வரும். வண்டியின் மதிப்பையும் நாம் கட்டவேண்டிய தொகையையும் இரண்டுக்கும் ஒரே அளவில் வைத்து மறுபடி போடச் சொன்னேன். வித்தியாசம் கொஞ்சமாகிவிட்டது. கிளெய்ம் தொகையில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸை என் கணக்கில் கழித்திருந்தார்கள். அந்தச் சலுகை, பாலிசி எடுத்தவர் கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைப்பது, வண்டியோடு வருவதல்ல. எடுத்துவிடச் சொன்னேன். பிரீமியம் ஏறியது, பரவாயில்லை. பொய்யான தகவலில் நிற்கும் பாலிசியை நம்பி வண்டியைச் சாலையில் இறக்க எனக்கு மனமில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், நான் நிரப்பிக்கொள்கிறேன் என்றார். அவர் முன்னாலேயே நிரப்பச் சொல்லி, படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். பணத்தை நேராகக் கம்பெனி கணக்கில் கட்டினேன்.

பாலிசி வந்ததும் அதிலிருந்த சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஏஜென்டிடம் சொன்னேன், அலையவிடாமல் திருத்தம் வாங்கிக் கொடுத்தார். அந்தத் திருத்தக் கடிதமும் பாலிசியும் இப்போது வண்டியில் இருக்கின்றன. ஏஜென்ட் எந்நேரமும் போன் எடுப்பார் என்று சொல்லமுடியாது. கம்பெனியின் கிளெய்ம் எண்ணையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வைத்திருக்கிறேன்.