புத்தகம் மூடியிருக்கும் நேரம்தான் கணக்கு

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தினமும் எத்தனை மணி நேரம் படிக்கணும்?" என்பதுதான். "அதில் எவ்வளவு நேரம் புத்தகம் மூடியிருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் சிரித்துவிடுவார்கள். போட்டித் தேர்வுகளுக்கு நான் படித்தபோதும் சரி, இப்போது அதே தேர்வுகளுக்குக் கணக்கு சொல்லித்தரும்போதும் சரி, அதிகம் கைகொடுத்தது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் இந்த ஒரு விஷயம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பாடத்தை மூன்றாவது முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். "இது தெரியுமே" என்று தோன்றும். கண்ணுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். புத்தகம் இல்லாமல் சொல்லச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவோம். தேர்வறையில் நம்மிடம் கேட்பது இந்த இரண்டாவது வேலையை.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு குழு ஒரு கட்டுரையை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னிலை: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு சுற்றும் படித்தவர்கள்தான்.

இதைச் செய்ய ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒரு தலைப்பை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். முதலில் கை தானாக ஓடும். அப்புறம் நின்றுவிடும். பெரும்பாலோர் புத்தகத்தைத் திறப்பது அந்த இடத்தில்தான். திறக்காதீர்கள். "நான்கு காரணம் இருந்தது, மூன்றுதான் வந்திருக்கிறது, நான்காவது பக்கத்தின் அடியில் எங்கோ இருந்தது" என்று மனம் துழாவுகிற அந்தச் சில நிமிடங்களில்தான் பாடம் ஏறுகிறது. சுத்தமாக வரவில்லை என்றான பிறகு திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவால் எழுதுங்கள். நாளை படிக்கவேண்டியது அந்த நிறத்தில் இருப்பதை மட்டும்தான். ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதைவிட இதில் நேரமும் மிச்சம்.

அடுத்தது இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில் மளமளவென்று நடக்கிறது, அதற்குப் பிறகு மெதுவாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. புரிந்து படிக்கும் பாடம் அத்தனை வேகமாக மறக்காது. ஆனாலும் போக்கு அதேதான். எனவே ஒரே நாளில் மூன்று முறை திருப்புவதைவிட, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை என்று பிரித்துக்கொள்வது நல்லது. பாதி மறந்த நிலையில் திரும்பிப் போவது எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கணக்குப் பாடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தனிவட்டி அத்தியாயத்தில் முப்பது கணக்கு போட்டால் முப்பதும் சரியாக வரும். ஏன் வராது? எந்தச் சூத்திரம் என்பதை அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறதே. தேர்வில் தலைப்பு இருக்காது. இது தனிவட்டியா, கூட்டுவட்டியா, வட்டி வேடத்தில் வந்த வெறும் சதவீதக் கணக்கா என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதற்குப் பயிற்சியே நடப்பதில்லை.

ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007இல் இதைச் சோதித்தார்கள். கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரியாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63இல் நின்றார்கள். ஆக, ஒரு வகைக் கணக்கைப் போடும் விதம் புரியும்வரை அதையே வரிசையாகப் போடுங்கள். புரிந்ததும் பழைய அத்தியாயக் கணக்குகளோடு குலுக்கிவிடுங்கள். மதிப்பெண் முதலில் இறங்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

சொல்லித்தருபவர்களுக்கும் இதே கதைதான். நான் விளக்குவதற்கு முன் கேள்வியை வைத்துவிடுகிறேன். "ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்?" யாரும் வாய் திறக்கக்கூடாது, நோட்டில் எழுதவேண்டும். பெரும்பாலான நோட்டுகளில் "பழைய விலையே" என்று இருக்கும். அப்புறம் பலகையில் 100, அதன் கீழ் 120 என்று எழுதிவிட்டு, "இப்போது இருபது சதவீதம் எவ்வளவு?" என்று கேட்பேன். 24 என்று யாராவது சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. 96! "சரி, முதலில் இறங்கி அப்புறம் ஏறினால்?" என்றதும் ஆளாளுக்கு வாதாட ஆரம்பிப்பார்கள். அதற்கும் 96தான். நானே முதலில் விளக்கியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தப்பாகவாவது ஒரு விடையை எழுதி வைத்தவருக்குத்தான் சரியான விடையைக் கேட்கும் காது இருக்கிறது.

இது எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்தாது. அடிப்படையே தெரியாதவரிடம் கேள்வியை நீட்டினால் திணறுவார், கற்கமாட்டார். அவர்களுக்கு முழுதாகப் போட்டுக்காட்டிய கணக்குகள் முதலில் வேண்டும். பிறகு கடைசிப் படியை மட்டும் அவர்களிடம் விடலாம், அப்புறம் கடைசி இரண்டை. "நான் பார்த்துக் கற்பவன், அவன் கேட்டுக் கற்பவன்" என்று ஆட்களைப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் ஒரு வித்தை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்கே பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசுகிறவர்களின் எண்ணிக்கையும் கூடியது. செய்து பாருங்கள், அந்த மூன்று நொடி ஒரு யுகம் போலிருக்கும்.

கடைசியாக விடைத்தாள் திருத்துவது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்தபிறகு குறிப்பை யார் படிக்கிறார்கள்? அதனால் பயிற்சித் தாள்களில் "மூன்றாவது வரியில் அசல் மாறிவிட்டது, அங்கிருந்து திரும்பப் போடவும்" என்ற அளவில் எழுதிக் கொடுத்துவிடுவேன். மதிப்பெண் என் நோட்டில் இருக்கும். எவ்வளவு நச்சரித்தாலும், திருத்திப் போட்டுக் கொண்டுவந்த பிறகுதான் சொல்வேன்.